ஊரை இழுத்துப்போன ஒற்றைப் பிஸ்டன்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சந்தியாகப்பர் ஏறி வரும் குதிரைமேல் சத்தியம், அந்தக் குதிரையின் நாலு கால்மேலும் தனித்தனியாகச் சத்தியம், இன்று காலையில் நான் தின்ற சாளை மீன்மேல் சத்தியம். ஒரு சொல் கூட்டியிருந்தாலும் என் நாக்கு நெத்திலிக் கருவாடாகக் காய்ந்து போகட்டும். நம்பமாட்டேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் டீ குடிக்கப் போகிற கடையும் ஒருகாலத்தில் கடலில் மிதந்து வந்த கடைதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கோரைத்துறை என்று ஓர் ஊர் இருந்தது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் உப்போடை, நடுவில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த மணல்மேடு. ஊரையும் உலகத்தையும் ஒட்டவைத்திருந்தது ஒரு தரைப்பாலம் மட்டும்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும். இந்தப் பக்கம் சந்தியாகப்பர் கோயில், கோயிலுக்கு முன்னால் கொடிமரம், கொடிமரத்துக்கு முன்னால் கரை, கரையில் வள்ளங்கள். அந்த வள்ளக்காரர்களில் ஒருவன்தான் இஞ்ஞாசி. மற்றவர்களுக்கு மீன் பைத்தியம், சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம், இஞ்ஞாசிக்கு இஞ்சின் பைத்தியம். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான். எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு வள்ளம் வரும். சத்தத்தைக் கேட்டே, அவனுக்கு எண்ணெய் பீய்ச்சுற நாசில் அடைச்சிருக்கு, பாவம், என்று படுத்தபடியே வருத்தப்படுவான்.

அப்படிப்பட்டவன் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் தூத்துக்குடிக்குப் போய், பழைய சரக்குத் தோணிகளை உடைக்கிற இடத்தில் ஓர் இஞ்சினைப் பார்த்துவிட்டான். ஒரே சிலிண்டர், ஒரே பிஸ்டன். பிஸ்டன் என்றால் நீங்கள் நினைக்கிற டம்ளர் அளவு பிஸ்டன் இல்லை, கல்யாண வீட்டில் சோறு வடிக்கிற அண்டா அளவு. தலையை நெருப்பால் காய்ச்சிச் சிவக்கவைத்து, ஆளுயரச் சக்கரத்தை நாலைந்து பேர் சேர்ந்து சுற்றிவிட்டால், எந்த எண்ணெயைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு, தொம், என்று ஒரு குத்து, கொஞ்சம் யோசனை, பிறகு தொம் என்று அடுத்த குத்து. இப்போது வருகிற இஞ்சின்கள் கோழி கொத்துவது மாதிரி அவசரப்படும். இது யானை நெல் மிதிப்பது மாதிரி. இஞ்ஞாசி அதை லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து வந்தான்.

மழைக்காலத்தில் இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தக் கரையில் எல்லாரும் செய்வதுதான். யார் வீட்டுக்குப் போனாலும் கட்டிலுக்கடியில் ஒரு இஞ்சின் சாக்கு போர்த்திப் படுத்திருக்கும். ஆனால் இஞ்ஞாசியின் இஞ்சின் வீட்டுக்குள் வந்ததும் வீடு நிரம்பிவிட்டது. சக்கரம் அடுப்படியில், தண்டு நடுவீட்டில், சிலிண்டர் கட்டில்மேல். அவன் பெண்டாட்டி லொஞ்சினா எல்லாவற்றையும் தாண்டித் தாண்டி நடந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒழுகாத மூலையை இஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு ஒழுகுகிற மூலையில் பாய் விரித்தாள், அப்போதும் சொல்லவில்லை. கடைசியில் பிஸ்டனை வைக்க ஈரமில்லாத இடம் இல்லை என்று ஆனபோது, இஞ்ஞாசி பரணில் தேடி ஒரு பழைய நீலச் சேலையை எடுத்து, உத்தரத்தில் கட்டி, பிஸ்டனை அதில் போட்டான்.

அது லொஞ்சினாவின் அம்மா கட்டித் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலை. தொட்டிலுக்கென்று கல்யாணத்தன்று கொடுத்தது. கல்யாணம் முடிந்து எத்தனையோ பெருநாள் வந்து போயும் அந்த வீட்டில் தொட்டில் கட்ட வேலை வரவில்லை. இஞ்ஞாசிக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும்; ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்தது துரு பிடிக்கும் என்பது மட்டும்தான். கட்டினதோடு விட்டானா? போகிற போக்கில் கையால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனான். லொஞ்சினா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். சட்டியை இறக்கிவைத்தாள், கையைத் துடைத்தாள், பையை எடுத்தாள்.

"நீரும் உம்ம பிள்ளையும் நல்லா இரியும்" என்றாள். மழையிலேயே பாலத்தைத் தாண்டி, தெற்கே வேலந்தாழையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இஞ்ஞாசிக்கு விஷயம் விளங்குவதற்கு மழை விடவேண்டியிருந்தது. விளங்கியதும் ஓடினான். வேலந்தாழை வாசலில் நின்று அழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். கேட்டுக்கொண்டே வந்தவன் நடுவில் தன்னையறியாமல், அந்தப் பிஸ்டனுக்கு ரிங் கிடைச்சிட்டுது லொஞ்சினா, என்றும் சொல்லிவிட்டான். கதவு சாத்தப்பட்டது. அதன்பிறகு அவன் அனுப்பிய மீனெல்லாம் திரும்பி வந்தது, வெட்டிக் கழுவிக்கூட இல்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வேலந்தாழையிலிருந்து வந்த மீன்காரி சேதி சொன்னாள்: லொஞ்சினா தன் அக்காவோடு கொச்சிக்குப் போகிறாள், அங்கே இறால் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பஸ், இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டாளாம்.

இஞ்ஞாசி ஒரு கணக்குப் போட்டான். வியாழக்கிழமை புது இஞ்சினுக்கு மந்திரிப்பு. அது முடிந்ததும் வள்ளத்தைத் திருப்பி நேரே வேலந்தாழைக்கு விடவேண்டியது. ஊர் பார்க்க அவள் காலில் விழவேண்டியது. இத்தனை காலமும் அவன் போட்ட கணக்குகளிலேயே இஞ்சின் சேராத முதல் கணக்கு அது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதிலும் இஞ்சின் இருந்தது பாருங்கள்.

கோரைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. புது இஞ்சின் முதல்முதலாக ஓடும்போது, வள்ளத்தைச் சந்தியாகப்பரின் தேர்வடத்தால் கொடிமரத்தோடு கட்டிவிடுவார்கள். இஞ்சின் இழுக்கும், வடம் பிடிக்கும், சாமியார் தீர்த்தம் தெளித்து செபம் சொல்வார். கடலுக்குப் போனாலும் ஊரை மறக்காதே என்று இஞ்சினுக்குச் சொல்வதாக அர்த்தம். அந்த முடிச்சைப் போடவும் அவிழ்க்கவும் உரிமை மச்சாது வீட்டு மூத்த ஆம்பிளைக்கு மட்டும். போடும்போது சும்மா போடுவார். அவிழ்க்க வேண்டுமென்றால் வள்ளக்காரன் பெண்டாட்டி தன் கையால் வெற்றிலைத் தட்டு நீட்டவேண்டும். அப்போது அந்த உரிமையில் இருந்தவர் தொம்மை மச்சாது. கருவாட்டுக் குச்சி மாதிரி ஆள், கோபம் மட்டும் திமிங்கிலம் அளவு.

வியாழக்கிழமை காலையில் பெர்க்மான்ஸ் சாமியார் தீர்த்தம் தெளித்தார். காய்ந்து சிவந்திருந்த இஞ்சின் தலையில் அது சுர்ரென்று ஆவியாகி அவர் கண்ணாடியை மூடியது. செபம் முடிந்தது. இஞ்ஞாசி தானே தட்டை எடுத்துக்கொண்டுபோய் தொம்மை முன்னால் நின்றான். தொம்மை தட்டைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் பார்த்தார்.

"வீட்டுக்காரி எங்கவே?"

"வருவா பெரியப்பா. கூப்பிடத்தான் போறேன். நீங்க அவுத்தாதான் போகமுடியும்."

"அவ வந்தாத்தான் அவுப்பேன்" என்று சொல்லிவிட்டு, தொம்மை வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊர் கூடி யோசித்தது. வடத்தை வெட்டலாமா என்று யாரோ கேட்க, கேட்டவனை எல்லாரும் பார்த்த பார்வையில் அவன் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டான். தேர்வடத்தில் கத்தி வைக்கிறதா? வேறு யாராவது அவிழ்க்கலாமா? மச்சாது வீட்டு உரிமையில் கை வைத்தால் அடுத்த திருவிழாவுக்குத் தேர் நகராது. அப்போது ஊர்த்தலைவரும் டீக்கடைக்காரருமான எஸ்தாக்கி ஒரு யோசனை சொன்னார், அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் தோன்றக்கூடிய யோசனை. நாம் வெட்டினால் பாவம், நாம் அவிழ்த்தால் தப்பு, ஆனால் தானாக அறுந்தால் அது சந்தியாகப்பர் முடிவு, அதை யார் கேட்க முடியும்? சாமியார் உள்பட எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஆகவே இஞ்ஞாசி ஆண்டவர் பேரைச் சொல்லி எண்ணெயை முழுசாகத் திறந்துவிட்டான்.

தொம். தொம். தொம். வடம் வீணைக் கம்பி மாதிரி விறைத்தது. தண்ணீர் பின்னால் பால் மாதிரிப் பொங்கியது. கொடிமரம் முனகியது. வடமோ ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தொட்டுக் கும்பிட்டு இறுகிப்போன வடம், அது அறுவதாக இல்லை. இஞ்சினோ தொட்டிலில் கிடந்து வளர்ந்த பிஸ்டன், அது நிற்பதாக இல்லை. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்கவேண்டும் என்ற நிலையில் இரண்டுமே விட்டுக்கொடுக்காததால், மூன்றாவதாக நடுவில் கிடந்த ஊர் விட்டுக்கொடுத்தது. ஓரம் வெந்த தோசை கல்லைவிட்டு எழும்புமே, அப்படி ஒரு சத்தம் உப்போடைப் பக்கமிருந்து வந்தது. தரைப்பாலம் நடுவில் இரண்டாகப் பிட்டுக்கொண்டது. கோரைத்துறை, அதன் கோயிலும் கிணறும் தென்னைகளும் பள்ளிக்கூடமும் காயப்போட்ட கருவாடும் ஆடுகளும் படுத்திருந்த தொம்மையும் சேர, மெதுவாக, நண்டு நடக்கிற வேகத்தில், வள்ளத்துக்குப் பின்னால் கிளம்பியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி விலகிப்போகிற ஊரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி எப்போது வருவீர்கள் என்று கேட்டார். பார்க்கலாம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அவர் விசிலடித்தார், பஸ் போய்விட்டது.

நின்றுவிடலாமா என்று இஞ்ஞாசி கையைக் காட்டிக் கேட்டபோது, சாமியார் கரையிலிருந்து, அதாவது இப்போது ஊரின் மூக்கிலிருந்து, வேண்டாமென்று இரண்டு கையையும் ஆட்டினார். ஊரின் வேர் அறுந்துவிட்டது, இனி நின்றால் நீரோட்டம் ஊரை அள்ளிக்கொண்டு இலங்கைப் பக்கம் போய்விடும், அப்புறம் ரேஷன் எங்கே வாங்குவது? ஆக, ஓடவேண்டும். எங்கே ஓடுவது? அந்த இஞ்சினுக்குப் பின்னோக்கிப் போகத் தெரியாது, சுற்றி வளைத்துத்தான் திரும்பவேண்டும். திரும்பிப் பழைய இடத்தில் ஊரைச் சொருகினாலும் முடிச்சு அவிழவேண்டும், முடிச்சு அவிழ லொஞ்சினா வேண்டும். எஸ்தாக்கி டீ ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: முதலில் வேலந்தாழை. கரையை ஒட்டி மெதுவாகப் போய், ஓடுகிற வாக்கில் லொஞ்சினாவை வள்ளத்தில் ஏற்றி, ஒரு வளைவு வளைந்து ஊர் திரும்பவேண்டியது. இஞ்ஞாசியின் சொந்தத் துக்கமாக இருந்தது அன்று மத்தியானத்துக்குள் ஊருடைய பொதுக் காரியமாகிவிட்டது. அதுவரை அவனைத் தொட்டில் கட்டினவன் என்று கேலி பேசியவர்கள், இப்போது வடத்தில் வாளியைத் தொங்கவிட்டு அவனுக்குச் சோறு அனுப்பினார்கள். சோற்றோடு, அவளிடம் என்ன பேசவேண்டும், எப்படிப் பேசவேண்டும், எதைப் பேசவே கூடாது என்று ஆளுக்கொரு புத்தியும் அனுப்பினார்கள்.

ஊருக்குக் கடலில் பழகுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. முதலில் சந்தோஷப்பட்டது பின்தெருக்காரர்கள். பிலோமி என்று ஒருத்தி, லொஞ்சினாவுக்குப் பக்கத்து வீடு, கடல் பார்த்த வீடு தனக்கு வாய்க்கவில்லையே என்று காலமெல்லாம் முன்தெருவைப் பொறாமைப்பட்டவள். உப்போடை பிய்ந்துபோனதும் அவள் கொல்லையிலும் கடல் வந்துவிட்டது. கொல்லைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் காற்று தாங்கமுடியவில்லை என்று அலுத்துக்கொண்டாள். முன்தெருக்காரர்கள் மூன்று வேளை அவளோடு பேசவில்லை. ஆம்பிளைகள் கொல்லைப்புறத்திலிருந்தே தூண்டில் போட்டார்கள். பெண்கள் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மீன் எங்கே என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். துணி பட்டென்று காய்ந்தது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கவில்லை, ஆனால் லேசாக ஆடியது. வெயில் மட்டும் ஒழுங்காக வரவில்லை. ஊர் கொஞ்சம் திரும்பினால் நிழல் எதிர்வீட்டுக்குப் போய்விடும், வெயிலில் காயப்போட்ட வற்றல் நிழலில் கிடக்கும், நிழலில் படுத்த ஆடு வெயிலில் முழிக்கும்.

பள்ளிக்கூடம் ஊரோடு வந்துவிட்டது, பஸ்ஸில் வருகிற வாத்தியார் வரவில்லை. பிள்ளைகள் அடித்த கூத்து கொஞ்ச நஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஒரு கட்டுமரத்தை வாடகைக்குப் பிடித்து, குடையை விரித்தபடி துரத்திக்கொண்டுவந்து ஏறிவிட்டார். பிள்ளைகள் அந்த மனுசனை அதற்கப்புறம் ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை.

அன்றைக்கே ஒரு ரோந்துக் கப்பல் பக்கத்தில் வந்தது. ஒலிபெருக்கியில், இது என்ன வண்டி என்று கேட்டார்கள். ஊரு, என்றார் எஸ்தாக்கி. அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். சட்டப் புத்தகத்தில் ஊர் கடலில் போகக்கூடாது என்று எங்கும் இல்லை. ஆனால் கடலில் போகிற எதுவும் இடது பக்கம் சிவப்பு விளக்கும் வலது பக்கம் பச்சை விளக்கும் போடவேண்டும் என்று இருக்கிறது. போடாவிட்டால் அபராதம் என்றார். ஆகவே சலூன் கடை வாசலில் சிவப்புப் பல்பும் எஸ்தாக்கியின் டீக்கடையில் பச்சைப் பல்பும் போடப்பட்டன. பச்சை வெளிச்சத்தில் டீ கசாயம் மாதிரித் தெரிகிறது என்று வியாபாரம் சரிந்தது. எஸ்தாக்கி சலூன்காரரிடம், ஊரைத் திருப்பிக் கட்டினாலென்ன என்று கேட்டுப் பார்த்தார்.

இஞ்ஞாசி மட்டும் தூங்கவில்லை. வள்ளத்தில் தனியாக, இஞ்சினுக்கும் சுக்கானுக்கும் நடுவில் உட்கார்ந்து, தொம் தொம்மென்று கேட்டுக்கொண்டே இருந்தான். எத்தனை அழகான சத்தம். பிசிறு இல்லை, மூச்சு முட்டல் இல்லை. ஓர் ஊரையே இழுக்கிறோம் என்ற அலட்டல்கூட இல்லை. இந்தச் சத்தத்தை லொஞ்சினா கேட்டாளானால் எல்லாம் புரிந்துகொள்வாள் என்று அவன் நினைத்தான். பிறகு, அப்படி நினைக்கிற தன் மண்டையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் டீசல் தீர்ந்தது. மற்ற வள்ளங்களின் டீசலையெல்லாம் வடத்து வாளியில் அனுப்பினார்கள், அதுவும் தீர்ந்தது. விளக்கு மண்ணெண்ணெய் வந்தது. பிறகு சுறா எண்ணெய். வேலந்தாழைக் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் ஊரில் எண்ணெய் என்று இருந்தது பெண்களின் தேங்காய் எண்ணெய் மட்டும்தான். பிலோமி முதல் போத்தலைக் கொண்டுவந்தாள். லொஞ்சினா திரும்பி வந்தால் தன் கொல்லைக் கடல் போய்விடும் என்று தெரிந்தே கொண்டுவந்தாள், அதைச் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் ஊற்றினாள். அவளைப் பார்த்து வீட்டுக்கு வீடு போத்தல்கள் கிளம்பின. இஞ்சின் தேங்காய் எண்ணெயைக் குடித்ததும் ஊர் முழுக்க முறுக்கு சுடுகிற வாசனை. கடல் காக்கைகள் கூட்டமாக வந்து புகைக்குப் பின்னால் பறந்தன. எல்லாருக்கும் பசித்தது.

வெறும் வாளியோடு இஞ்ஞாசி ஒரு எச்சரிக்கையை அனுப்பினான். இனி எக்காரணம் கொண்டும் இஞ்சின் நிற்கக்கூடாது. எண்ணெய் ரிங்குக்குள் பசையாகிவிட்டது. ஓடுகிறவரை இளகிக் கிடக்கும், நின்று ஆறினால் இறுகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சிலிண்டரை உடைத்தால்தான் உண்டு, அதோடு அது செத்தது. ஆகவே வேலந்தாழையில் நிற்காமல் வளையவேண்டும், மிஞ்சின எண்ணெய் வீடு திரும்பத்தான் சரியாக இருக்கும். ஊர் இதைக் கேட்டுப் பதவிசாகத் தலையாட்டியது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை வேலந்தாழையில் பாதியில் இருக்கும்போது மெழுகுதிரிகள் நடுங்கத் தொடங்கின. பிரசங்கம் சொல்லிக்கொண்டிருந்த சாமியாரின் குரல் தொம் தொம்மென்று துண்டு துண்டாக விழுந்தது. சனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கடலில் ஒரு வள்ளம். வள்ளத்துக்குப் பின்னால் ஒரு வடம். வடத்துக்குப் பின்னால் கோரைத்துறை. வேலந்தாழைத் தலைவர் வாயருகில் கையைக் குவித்து, அந்தப் பக்கம் வலை கிடக்கு, பாத்து வாங்க, என்றார். சம்பந்தக்காரர்கள் இருந்த வீடுகளில் அவசரமாக உலை வைத்தார்கள். ஊரே சாப்பிட வந்தால் கறி போதுமா என்று கணக்குப் பார்த்தார்கள்.

லொஞ்சினா பஸ் நிற்கிற மேட்டில் பையோடு நின்றாள், பக்கத்தில் அவள் அக்கா. பஸ் வந்து நின்றிருந்தது. டிரைவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கிளம்பவில்லை. அவள் பையைக் கீழே வைக்காமல் மணலில் இறங்கினாள். கூட்டம் வழி விட்டது. முழங்கால் அளவு தண்ணீர்வரை வந்தாள், நின்றாள், கடலைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

இஞ்ஞாசிக்குக் கேட்கவில்லை. தொம் தொம். கையைக் காதில் வைத்தான். அவள் மறுபடி சொன்னாள். கேட்கவில்லை. வள்ளம் அவளைத் தாண்டிவிட்டது. அவன் வளைத்தான், கோரைத்துறை தேர் திரும்புகிற மாதிரி அவன் பின்னால் பெரிதாக வளைந்து வந்தது, சலூன் கண்ணாடி ஒன்று விழுந்து உடைந்தது. மறுபடி கரையை ஒட்டி வந்தான். கையை நீட்டி, ஏறு, ஏறு, என்று சைகை காட்டினான். அவள் ஏறவில்லை, நின்ற இடத்திலேயே நின்று வாயைத் திறந்து அதே சொல்லைச் சொன்னாள். அது வா என்பதா போ என்பதா, செத்துப்போ என்பதா, அவன் அவள் உதட்டை உற்று உற்றுப் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் உதட்டைப் பார்த்து ஒரு சொல்லைக்கூடப் படிக்கத் தெரியவில்லையே, கண்ணுக்குத் தெரியாத வள்ளத்தின் நாசில் அடைப்பு மட்டும் தெரிகிறதே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேட்டில் டிரைவருக்கு வேலை நினைவு வந்து ஹாரன் அடித்தார். அக்கா கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

இஞ்ஞாசி எண்ணெய் வால்வில் கை வைத்தான்.

அதை ஊர் பார்த்துவிட்டது. கோரைத்துறை மொத்தமும் மூக்கில் வந்து குவிந்தது. சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். தொம்மை மச்சாது வியாழக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகக் கட்டிலைவிட்டு எழுந்து வந்தார். எஸ்தாக்கி வாளியில் கயிற்றைக் கட்டி அவன் தலையைக் குறிவைத்து எறிந்தார். நிறுத்தாதல, நிறுத்தாதல, என்று ஆம்பிளை பொம்பிளை சிறுசு பெருசு எல்லாரும் ஒரே தொண்டையாகக் கத்தினார்கள். நின்றால் பிஸ்டன் செத்துவிடும், பிஸ்டன் செத்தால் ஊர் திரும்பாது. உப்போடை போச்சு, பாலம் போச்சு, பாட்டன் பூட்டன் பார்த்துவைத்த மீன்படுகை போச்சு. அத்தனையும் அவனுக்குக் கேட்டது. கேட்கவேண்டிய ஒன்று மட்டும் கேட்கவில்லை.

வால்வை மூடினான்.

தொம். அப்புறம் யோசனை. தொம். அப்புறம் நீண்ட யோசனை. அதற்கடுத்த தொம் வரவில்லை. சிலிண்டருக்குள் ஒரு முனகல் கேட்டது, கதவைச் சாத்தித் தாழ் போடுகிற மாதிரி ஒன்று சொடுக்கியது. கோரைத்துறை வந்த வேகத்தில் வேலந்தாழைக்குப் பக்கத்து மணலில் சர்ரென்று ஏறி, உட்கார்ந்து, ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்தபடியே நின்றார்கள். வியாழக்கிழமையிலிருந்து கேட்காமல் போயிருந்த அலைச் சத்தம் எல்லார் காதிலும் திரும்ப வந்து விழுந்தது.

"என்ன சொன்ன லொஞ்சினா?" என்று கேட்டான் இஞ்ஞாசி. சத்தம் போட்டே பழகிவிட்டதால் அதையும் கத்தித்தான் கேட்டான்.

"நிறுத்தும்னுதான் சொன்னேன்" என்றாள் அவள். "வேற என்ன சொல்ல."

இரண்டு ஊரும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தாள். அவன் கை கொடுத்தான். அவள் கையைப் பிடிக்காமல் தானே ஏறினாள். இஞ்சினுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைச் சிலிண்டர்மேல் வைத்தாள். சுட்டிருக்கும், ஆனால் எடுக்கவில்லை.

"இனி ஓடாதா?"

"ஓடாது."

"எப்பவுமா?"

"எப்பவும் ஓடாது."

மேட்டில் பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டு, அக்காவை மட்டும் ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பிப் போனது. லொஞ்சினா திரும்பிப் பார்க்கவில்லை. சாவு வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் உட்காருவது மாதிரி, இஞ்ஞாசியின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அழணும்னா அழுதுக்கிடும்" என்றாள். "நான் இருக்கேன்."

இஞ்ஞாசி அழுதான். இரண்டு ஊரும் வரிசையில் நின்று பார்க்க, துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, பெற்ற பிள்ளையைச் சாகக்கொடுத்தவன் அழுகிற அழுகையை அழுதான். அது இஞ்சினுக்கு மட்டும் அழுத அழுகை இல்லை என்று லொஞ்சினாவுக்குத் தெரிந்தது; அவளும் கொஞ்சம் அழுதாள்.

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். நாலு நாள் இஞ்ஞாசியைத் திட்டியது. ஐந்தாம் நாள் வேலந்தாழைக் கடலில் சீலா மீன் கூட்டம் வந்தது, திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. தொம்மை தட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு வந்தபோது ஊரே சேர்ந்து அவரைத் திருப்பியனுப்பியது. அவிழ்த்துவிட்டு ஊர் மறுபடி எங்காவது கிளம்பிவிட்டால் யார் பதில் சொல்வது? பிலோமியின் கொல்லைக் கடல் தூர்ந்து அங்கே வேலந்தாழைக்காரன் மாடு கட்டினான், அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. அரசாங்கத்து வரைபடத்தில் கோரைத்துறை பழைய இடத்திலேயே இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் அரைப் பாலமும் தண்ணீரும்தான்.

இவ்வளவுதான் நடந்தது, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன். ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். இஞ்ஞாசி ஊர் பார்க்க அழுததைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்று லொஞ்சினா காதுக்குப் போனால் எனக்கு இந்தக் கரையில் டீ கிடைக்காது. வற்புறுத்திக் கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு ஆள் சொன்னார், முகம் சரியாகப் பார்க்கவில்லை, நடுவழியில் இறங்கிப் போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள்.